செடி செழிக்குது, கடலை பொக்காகுது: மணல் புஞ்சையில் உரம் போடும்போது செய்கிற தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மணல் கலந்த செவல் புஞ்சைகளில் கடலை பிடுங்கும் நாளில் இந்தப் புலம்பல் காதில் விழும்: "செடி கருகருன்னு நின்னுச்சுண்ணே, உடைச்சுப் பார்த்தா பாதி பொக்கு."

முதல் சந்தேகம் யூரியா மேல்தான். கடலை தன் வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். யூரியா கூடினால் முடிச்சு குறையும், இலையும் கொடியும் கொழுக்கும். மானாவாரிக் கடலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 10, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 45 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் யூரியா 9 கிலோகூட வராது. நாமோ பிரித்த மூட்டையை மீதி வைப்பானேன் என்று முழுவதையும் தூவிவிடுகிறோம்.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) தருகிற ஜிப்சத்தில் நடக்கிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும், அங்கிருந்து கீழே காய்க்குத் திரும்பாது. மண்ணுக்குள் இறங்கிய காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானேதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். காய் பிடிக்கிற மேல் இரண்டு மூன்று அங்குலத்தில் அந்தச் சத்து இல்லையென்றால் பொக்குதான். சிலர் ஜிப்சமே போடுவதில்லை. சிலர் விதைக்கும்போதே மொத்தத்தையும் போட்டுவிடுகிறார்கள். களிமண் என்றால் பிடித்து வைக்கும்; மணலில் இரண்டு நல்ல மழை பெய்தால் கீழே இறங்கிவிடும்.

ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40, 45 நாளில், ஈரம் இருக்கும்போது செடியோரமாகத் தூவிக் கொத்தி மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மழை தள்ளிப்போனால் 75 நாள் வரைகூடக் காத்திருந்து போடலாம். அப்போது மேலாகத் தூவினால் போதும். 45 நாளுக்குப் பிறகு மண்வெட்டியோடு உள்ளே இறங்கினால், பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற விழுது அறுந்துபோகும். ஜிப்சத்தில் கந்தகமும் உண்டு. எண்ணெய் கூடுவதைச் செக்கில் ஆட்டும்போது பார்க்கலாம். அடியுரத்துக்கு டிஏபியை விட சூப்பர் பாஸ்பேட் எனக்குப் பிடிப்பதும் இதனால்தான்: சுண்ணாம்பும் கந்தகமும் அதோடு சேர்ந்தே வருகின்றன.

காய் பிடிக்கும் சமயத்தில் பொட்டாஷ் தூவுவது வேண்டாம். காய் சுண்ணாம்பை எடுப்பதை அது தடுக்கும். அதை அடியுரத்தோடு முடித்துவிடுங்கள்.

பருப்பைப் பிளந்தால் நடுவில் பழுப்பாகக் குழி இருக்கிறதா? அது போரான் குறை. கடலைக்கான நுண்ணூட்டக் கலவையை ஏக்கருக்கு 5 கிலோ, மணலோடு சேர்த்து, விதைத்த கையோடு மேலாகத் தூவினால் சரி. போராக்ஸைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டால் செடி கருகும்.

அப்புறம், மணலில் உரம் நிற்கவே மாட்டேன் என்கிறதே என்பவர்களுக்கு நம் ஊரில் கண்மாய் இருக்கிறது. சித்திரையில் அது வற்றிக் கிடக்கும்போதே அனுமதி வாங்கி வண்டலை அடித்து, தொழு உரத்தோடு பரப்பி வைத்துவிட்டால், ஆடி விதைப்புக்கு முந்தைய உழவில் மண்ணோடு கலந்துவிடும்.