துபாயிலிருந்து திருநெல்வேலி: டிக்கெட்டில் தெரியாத தூரம்

துபாய்க்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்களா? மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி (இங்குள்ள அடையாள அட்டை) எல்லாம் கம்பெனி ஆளே பார்த்துக்கொள்வார். கூப்பிடும் நாளில் பாஸ்போர்ட்டோடு போய் நில்லுங்கள், போதும். சிம் கார்டும் மெட்ரோவுக்கு நோல் கார்டும் வாங்கிவிட்டால் முதல் வாரம் ஓடிவிடும். நான் சொல்ல வந்தது முதல் லீவுக்கு ஊருக்குப் போகும் வழியைப் பற்றி.

துபாயிலிருந்து சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வான்வழியில் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நான்கு மணி நேரம். நம் ஊர் நேரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அதிகாலை 3:30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். குழம்ப வேண்டாம்.

இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் தூரத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாகச் சுமார் 150. தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு நெடுமங்காடு, குளத்துப்புழை வழி இன்னும் கிட்ட. மதுரைக்கு நேரடி விமானம் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், அங்கிருந்து நான்குவழிச் சாலை.

வள்ளியூர்க்கார நண்பன் ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டான். சென்னை டிக்கெட் மலிவு என்று எடுத்து, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தனியாக வேறொரு டிக்கெட் போட்டான். துபாய் விமானம் தாமதம். சென்னையில் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ், மறுபடி உள்நாட்டு முனையத்தில் செக்-இன் என்று ஓடி முடிப்பதற்குள் தூத்துக்குடி விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட். அதனால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று இரண்டு பக்கமும் கைவிரித்துவிட்டார்கள். பணமும் திரும்பவில்லை. பஸ் பிடித்து அவன் மண்டபத்துக்கு வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மைத்துனர் முறையில் அவன் போட வேண்டிய மாலையைச் சித்தப்பா மகன் போட்டிருந்தான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் குரல் மாறிவிடும். அவன் மிச்சம் பிடிக்க நினைத்தது சில நூறு திர்ஹாம்.

சென்னை வழிதான் போக வேண்டுமென்றால் ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையது. லக்கேஜும் அப்படித்தான்: வளைகுடா டிக்கெட்டில் பெரும்பாலும் 30 கிலோ தருவார்கள், தனி உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான். மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. திருநெல்வேலியிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். வளைகுடாவில் எங்கே பார்த்தாலும் நம் பக்கத்து ஆட்கள். இங்கிருந்து ஒரு விமானம் நேராக அங்கே போய் இறங்க வேண்டும், அது நமக்குச் சேர வேண்டியது. அதுவரை கல்யாணமோ துஷ்டியோ (சாவுக் காரியம்), குறித்த நேரத்துக்கு ஊரில் நிற்க வேண்டுமென்றால் விலை பார்க்காமல் திருவனந்தபுரத்துக்கே எடுங்கள். வீட்டிலிருந்து வண்டியை முந்தின இரவே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.