முதுகலை ஆய்வுக்கு யூடியூப் கமெண்ட்டுகளை வகைப்படுத்துவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

டிஜிட்டல் தகவல்தொடர்பு, சமூக ஊடகம் படிக்கும் மாணவர்கள் ஆய்வேடு என்றதும் முதலில் தரவு திரட்டக் கிளம்பிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கமெண்ட்டுகளை இறக்கியபின், அவற்றை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள். வகைப்பாட்டு விதிகள் அடங்கிய கோட்புக் முதலில், தரவு பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. எண்ணக்கூடிய கேள்வி

"யூடியூப் மக்களின் மனதை எப்படி மாற்றுகிறது?" என்ற கேள்விக்குக் கமெண்ட்டுகள் விடை தராது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எதுவும் எழுதுவதே இல்லை. "தடுப்பூசி பற்றி மருத்துவர்கள் போடும் வீடியோக்களிலா, செய்திச் சேனல்களின் வீடியோக்களிலா, ஆதாரம் கேட்கும் கமெண்ட்டுகள் அதிகம்?" இதை எண்ணிப் பார்க்க முடியும்.

2. கோட்புக்

ஐந்து முதல் எட்டு வகைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒரு வரி விளக்கம், எது சேரும், எது சேராது, இரண்டு எடுத்துக்காட்டு. "எது சேராது" என்ற பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. "இதுக்கு என்ன ஆதாரம்?" என்பது உண்மையான கேள்வியா, கிண்டலா? எப்படி முடிவெடுப்பது என்பதைக் கோட்புக்கே சொல்ல வேண்டும்.

3. இருவர் சோதனை

50 கமெண்ட்டுகளை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியே வகைப்படுத்துங்கள். முரண்பட்ட இடங்களைப் பேசி, விதிகளைத் திருத்துங்கள். பிறகு புதிதாக 100 கமெண்ட்டுகளில் சோதியுங்கள். பழைய ஐம்பதையே மறுபடி எடுத்தால், பேசி முடித்த விடைகளைத்தான் இருவரும் எழுதுவீர்கள்.

ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 100 கமெண்ட்டுகளில் "ஆதாரம் கேட்கிறது" என்று இருவரும் சொன்னவை 2, "இல்லை" என்று இருவரும் சொன்னவை 90, ஆளுக்கு நான்கை மட்டும் தனியே "ஆம்" என்றார்கள் என்று வையுங்கள். ஒத்திசைவு 92 சதவீதம்! ஆனால் இருவருமே 94 முறை "இல்லை" என்றிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் சுமார் 89 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கோஹென் கப்பா இங்கே 0.29தான். அந்த வகையை அப்படியே பயன்படுத்த முடியாது. கப்பாவைப் போலவே தற்செயலைக் கழித்துக் கணக்கிடும், பரவலாக ஏற்கப்படும் இன்னொரு அளவீடான கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவுக்கு 0.80 நல்ல அளவு; 0.667க்குக் கீழே போனால் விதியை மாற்றி எழுதுங்கள், அல்லது அந்த வகையைக் கைவிடுங்கள்.

4. அனுமதி, பிறகு தரவு

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். எந்தத் தளம் தரவைத் தொடர்ந்து தரும் என்பதையும் பாருங்கள்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் திரட்ட ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. நிரல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்க உதவும் யூடியூப் டேட்டா ஏபிஐ, அழைப்புகளுக்கான ஒதுக்கீடாக இயல்பாக நாளொன்றுக்கு 10,000 யூனிட் தருகிறது. கமெண்ட்டுகளை எடுக்கும் ஒரு அழைப்புக்கு 1 யூனிட். அதில் அதிகபட்சம் 100 கமெண்ட் வரும். பதில்களெல்லாம் கூடவே வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீண்ட உரையாடல்களில் சில பதில்கள் மட்டுமே வரும். மீதியைத் தனி அழைப்பில் கேட்க வேண்டும்.

மேலே தெரியும் கமெண்ட்டுகளை மட்டும் எடுத்தால் அது முழுத் தரவையும் பிரதிபலிக்கும் மாதிரி (சாம்பிள்) ஆகாது. அவை தளம் முன்னிறுத்தியவை. எல்லாவற்றையும் இறக்கி, வரிசை எண் கொடுத்து, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.

5. சேமிப்பு

கமெண்ட்டுகளை அட்டவணையாக வைக்கும் சிஎஸ்வி கோப்பை, தமிழ் எழுத்துகளையும் காக்கும் யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் சேமியுங்கள். அதை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா பகுதியின் வழியாக இறக்குமதி செய்யுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் சிதையக்கூடும். வேறு தளங்களின் பதிவுகளையும் சேர்ப்பவர்கள் அடையாள எண் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் காப்பதில்லை. எக்ஸ் தளப் பதிவின் 19 இலக்க எண்ணில் கடைசி நான்கும் பூஜ்யமாகிவிடும். மூலப் பதிவைத் திரும்பத் தேடவே முடியாது.

6. மேற்கோள்

பயனர் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. கமெண்ட்டை அப்படியே எடுத்துப் போட்டால், தேடுபொறியில் ஒட்டியே எழுதியவரைக் கண்டுபிடித்துவிடலாம். நோய், சாதி, மதம், அரசியல் தொட்ட கமெண்ட் என்றால் அவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். பொருள் மாறாமல் வேறு சொற்களில் எழுதுங்கள். எழுதியதை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். மூலம் வந்து நின்றால் இன்னும் மாற்றுங்கள்.