அரிய பாம் மரங்களை விதையில இருந்து வளர்க்குறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பாம்னு சொன்னா தென்னை, பனை, கமுகு, ஈச்சை, அதோட நம்ம பட்டியல் முடிஞ்சிடும். ஆனா இந்தக் குடும்பத்துல கிட்டத்தட்ட 2,600 இனம் இருக்குங்க. வெள்ளி கலந்த நீல நிறத்துல ஓலை விடுறது இருக்கு, மட்டையும் தண்டும் ரத்தச் சிவப்பா வர்றது இருக்கு, ஒரே ஒரு முறை பூத்துட்டு செத்துப்போற தாளிப்பனை இருக்கு. இதுல நிறைய இனங்கள் அதோட சொந்தக் காட்டுல அழிஞ்சுக்கிட்டு வருது. அதுல சிலதையாவது நம்ம தோட்டத்துல வளர்க்க முடியுமான்னு கேட்டா, தாராளமா முடியும், ஆனா எதுல ஆரம்பிக்கிறோம்ங்கிறது ரொம்ப முக்கியம்.

முதல்ல: எந்த மரம்?

காட்டுல அரிதா இருக்கிறதும், வளர்க்க கஷ்டமா இருக்கிறதும் வேற வேற விஷயம். பாட்டில் பாம் எடுத்துக்கோங்க, அதோட பேரு ஹயோஃபோர்பே லாஜெனிகாலிஸ், மொரீஷியஸ் பக்கத்துல ரவுண்ட் ஐலண்ட்னு ஒரு குட்டித் தீவுதான் அதோட ஊர். அங்க கொண்டுவந்து விட்ட ஆடும் முயலும் முளைச்ச கன்னை எல்லாம் மேய்ஞ்சு, காட்டுல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மரம் மிஞ்சுச்சு. ஆனா தோட்டத்துல அது சொன்ன பேச்சு கேக்குற மரம், வெயிலும் வடிகாலும் இருந்தா போதும். ஃபாக்ஸ்டெயில் பாம் கதையும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவுல கேப் மெல்வில்ங்கிற ஒரே ஒரு பகுதியில இருந்த மரம், 1983ல தான் அதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க, இப்போ உலகம் முழுக்க தோட்டங்கள்ல நிக்குது. ஏன், எல்லாரும் வீட்டுக்குள்ள வைக்கிற அரேகா பாம் கூட மடகாஸ்கர்ல இருந்து வந்ததுதான்.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த மாதிரி மரங்கள்ல மூணு நாலு எடுத்துக்கோங்க. வெயில் நல்லா விழுற இடம்னா பாட்டில் பாம், ரோட்ரிக்ஸ் தீவோட ஸ்பிண்டில் பாம், மூணு பக்கமா மட்டை அடுக்குற ட்ரையாங்கிள் பாம், இடம் நிறைய இருந்தா வெள்ளி ஓலை பிஸ்மார்க்கியா. நிழல் தான் இருக்குன்னா லிக்குவாலா கிராண்டிஸ், வட்டமா மடிப்பு மடிப்பா இலை விடும், பாத்துக்கிட்டே இருக்கலாம். சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாமைப் பாத்து எல்லாருக்கும் ஆசை வரும், ஆனா அது சதுப்பு நிலத்துல வளர்றது, தண்ணி காயக்கூடாது, காத்துல ஈரம் வேணும், குளிர் அறவே ஆகாது. உங்க ஊர்ல ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழ போகும்னா அதை விட்டுடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது வளர்ந்து முடிக்கும்போது எவ்வளவு அகலம்? பிஸ்மார்க்கியாவோட ஒரு ஓலை மட்டுமே மூணு மீட்டர் அகலம் வரும். சின்னச் சட்டியில பாக்குறப்போ அது தெரியாது.

விதை வாங்குறது

இந்த ஹாபியில பாதி விஷயம் இங்கதான் இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். நிறைய பாம் விதை காஞ்சா செத்துடும். தக்காளி, மிளகாய் விதை மாதிரி கவர்ல போட்டு அடுத்த வருஷத்துக்கு வைக்கவே முடியாது, அதுலயும் மழைக்காட்டு இனங்கள் சில வாரத்துலயே உயிர் போயிடும். அதனால வாங்குறப்போ பழம் எப்போ பறிச்சதுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட வாங்க வேண்டாம்.

தண்ணியில போட்டு மிதக்குதான்னு பாக்குறதை நான் நம்ப மாட்டேன், உயிரோட இருக்கிற விதையும் மிதக்கும், செத்த விதையும் முங்கும். பத்து விதை வாங்குனா ஒண்ணை பலி கொடுத்து ரெண்டா வெட்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா, கெட்டியா, ஓட்டோட ஒட்டி நிறைஞ்சு இருந்தா நல்ல விதை. சுருங்கியோ, பழுப்பாவோ, புளிச்ச வாடையோ வந்தா மீதியும் சந்தேகம்தான்.

இன்னொண்ணு, காட்டுல இருந்து பறிச்ச விதையை வாங்காதீங்க. கேப் மெல்வில்ல 1990கள்ல ஃபாக்ஸ்டெயில் விதையைத் திருட்டுத்தனமா அள்ளிக்கிட்டுப் போனாங்க, நம்ம ஆசைக்காக ஒரு காட்டுல அடுத்த தலைமுறை முளைக்காம போகுதுன்னா அது சேகரிப்பே இல்ல. தோட்டத்து மரத்துல விளைஞ்ச விதைன்னு தெரிஞ்சா மட்டும் வாங்குங்க. ட்ரையாங்கிள் பாம் மாதிரி சிலது சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்லயே (அழியுற நிலையில இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) இருக்கு, எந்த நாட்டுல இருந்து வருதுங்கிறதைப் பொறுத்து அதுக்கான அனுமதி தேவைப்படலாம், நாடு விட்டு நாடு வரும்போது பூச்சி, நோய் இல்லைன்னு சொல்ற பைட்டோசானிட்டரி சர்டிபிகேட்டும் இருக்கணும். பேப்பர் வேலைன்னு அலுத்துக்காதீங்க, விதையோட வண்டும் நோயும் வந்துடக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு.

சுத்தம் பண்ணி ஊறவைக்கிறது

பழத்தோட சதையை முழுசா எடுத்துடணும், சதையோட போட்டா பூஞ்சை புடிக்கும், முளைப்பும் தள்ளிப்போகும். ரெண்டு நாள் தண்ணியில போட்டா சதை இளகிடும், தேச்சு எடுத்துடலாம். இங்க ஒரு எச்சரிக்கை, கூந்தப்பனை, அரெங்கா இந்த ரெண்டு வகையோட பழச்சதையில ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் இருக்கு, வெறும் கையால தொட்டா எரிஞ்சு தள்ளிடும், க்ளவுஸ் கட்டாயம். அப்புறம் சுத்தமான தண்ணியில இன்னும் ரெண்டு நாள், தினமும் தண்ணியை மாத்தி.

முளைக்க வைக்கிறது

கோகோபீட்டை, அதாவது தென்னை நார்த்தூளை, நனைச்சு கையில புடிச்சு இறுக்கிப் பிழியுங்க, சொட்டு தண்ணி விழக்கூடாது, ஆனா தொட்டா ஈரம் தெரியணும், அந்தப் பதம்தான் வேணும். அதை ஜிப் கவர்ல பாதி நிரப்பி விதையைப் போட்டு மூடி, வெயில் நேரா படாத சூடான இடத்துல வச்சிடுங்க. வெப்பம் 27ல இருந்து 35 டிகிரிக்குள்ள இருந்தா பெரும்பாலான வெப்பமண்டல இனங்களுக்கு சரி. கவர் மேல பேரும் தேதியும் இப்பவே எழுதிடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டா எது எதுன்னு தெரியாது, சின்ன வயசுல பாதி பாம் கன்னு ஒரே மாதிரிதான் இருக்கும்.

வாரம் ஒரு தடவை திறந்து பாருங்க. அழுகுனது இருந்தா எடுத்துடுங்க, காஞ்சிருந்தா லேசா தண்ணி தெளிங்க. விசிறி மாதிரி ஓலை விடுற ஃபேன் பாம் வகையில சிலது சில வாரத்துல வேர் விடும், நிறைய இனங்கள் மாசக்கணக்குல இழுக்கும், சிலி நாட்டு ஜுபேயா மாதிரி ஆளுங்க ஒரு வருஷத்துக்கு மேலயும் எடுத்துக்கும். விதை கெட்டியா இருக்கிற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

முளைப்புல ரெண்டு விதம் இருக்கு, இது தெரிஞ்சா சட்டி தேர்வு தானா வந்துடும். சிலதுல விதைக்கு ஒட்டியே பக்கத்துல ஒரு மொட்டு மாதிரி வந்து அங்கிருந்தே தளிரும் வேரும் கிளம்பும், கமுகு, அரேகா பாம் எல்லாம் இப்படி. இன்னொரு கூட்டம் விதையில இருந்து ஒரு குழாயை நேரா கீழ இறக்கி, மண்ணுக்குள்ள ஆழத்துல போய்தான் கன்னை உருவாக்கும். நம்ம பனங்கிழங்கு அப்படித்தான் வருது, பிஸ்மார்க்கியாவும் அதே ரகம். இந்த வகையை கவர்ல வேர் தெரிஞ்ச உடனே ஆழமான சட்டிக்கு மாத்திடணும், ஆழம்னா குறைஞ்சது ஒரு அடிக்கு மேல. அந்தக் குழாய் ஒடிஞ்சா கன்னு போச்சு. எந்த வகையா இருந்தாலும் கன்னோட ஒட்டியிருக்கிற விதையைப் பிச்சு எடுக்காதீங்க, அதுல இருக்கிற சாப்பாட்டை நம்பித்தான் அது முதல் சில மாசம் வாழுது.

சட்டியில

கலவை ரொம்ப சிம்பிள்: தண்ணி ஊத்தினா நிக்காம இறங்கணும். கோகோபீட்டோட பெர்லைட்டோ (மண்ணை இளக்குற லேசான வெள்ளைத் துகள்) கரடு மணலோ சரிபாதி. அகலச் சட்டியை விட உயரச் சட்டி நல்லது. மேல் மண் காஞ்ச பிறகு தண்ணி, ஊத்தினா அடி ஓட்டையில வர்ற வரைக்கும். வெயில் விரும்புற இனமா இருந்தாலும் சின்னக் கன்னை நேரடி வெயில்ல வைக்காதீங்க, பாதி நிழல்ல ஆரம்பிச்சு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்தைக் கூட்டுங்க.

மண்ணுல நடுறது

பாம் மரத்துக்கு வளர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், குருத்து. மாமரத்துல நுனியை வெட்டினா பக்கத்துல கிளைக்கும், ஒத்தைத் தண்டு பாம்ல குருத்து செத்தா மரமே செத்துடும். தண்டுல காயம் பட்டாலும் மத்த மரம் மாதிரி பட்டை வளர்ந்து மூடாது, அந்த வடு கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும். அதனால தூக்கும்போது தண்டைப் புடிச்சுத் தூக்காம வேர்க்கட்டியோட சேர்த்துத் தூக்குங்க.

குழி அகலமா வெட்டுங்க, ஆழம் மட்டும் சட்டியில இருந்த மண் மட்டத்துக்கு மேல போகவே கூடாது. உயரத்தைக் குறைக்கணும்னு ஆழமா புதைக்கிறாங்க பாருங்க, அதுல வேருக்குக் காத்து போகாம மெல்ல மெல்ல சாகுது, காரணம் தெரியவே ரெண்டு வருஷம் ஆகும். பிஸ்மார்க்கியாவை வேர் கலைக்காம நடணும், வச்ச இடத்துல இருந்து திரும்ப எடுக்குறது பெரும்பாலும் நடக்காத காரியம், அதனால இடத்தை யோசிச்சு வைங்க. நட்டு முடிச்சு சுத்தி மூடாக்கு போடுங்க, தண்டை ஒட்டிப் போடாம ஒரு சாண் தள்ளி.

உரமும் ஓலையும்

பாம் மரங்களுக்குப் பொட்டாசியம் பசி அதிகம். அது பத்தலைன்னா அடி ஓலைகள்ல மஞ்சளா, ஆரஞ்சா புள்ளி வந்து நுனி கருகும். அசிங்கமா இருக்குன்னு அந்த ஓலையை வெட்டுறதுதான் எல்லாரும் பண்றது, ஆனா மரம் அந்தப் பழைய ஓலையில இருந்துதான் பொட்டாசியத்தை உறிஞ்சி புது ஓலைக்கு அனுப்பிட்டு இருக்கு, வெட்டினா குறை அடுத்த ஓலைக்கு ஏறும். முழுசா பழுப்பானதை மட்டும் எடுங்க. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல பாம்களுக்குன்னு சொல்ற அளவு 8-2-12 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் இந்த வரிசையில), கூட 4 பங்கு மெக்னீசியம், எல்லாம் மெதுவா கரையுற வகையில. அதே உரம் கிடைக்கலைன்னாலும் பொட்டாசியம் தூக்கலா, பாஸ்பரஸ் கம்மியா இருக்கிறதா பாத்துக்கோங்க. புதுக் குருத்தே சின்னதா, கருகி, சுருண்டு வந்தா அது மாங்கனீஸ் பிரச்சினையா இருக்கும், சுண்ணாம்பு அதிகமான மண்ணுல இது சகஜம்.

பூச்சியில காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும்தான் பெரிய எதிரி. ஓலை விரியும்போது கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி வி வடிவத்துல இருந்தா காண்டாமிருக வண்டு குருத்துக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம். கூன்வண்டு பச்சைக் காயத்தோட வாசனைக்கு வரும், தேவையில்லாம ஓலை வெட்டாதீங்கன்னு சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். மக்காத சாணக் குவியலை மரத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க, காண்டாமிருக வண்டு முட்டை போடுறதே அங்கதான்.

பேர், தேதி, நோட்டு

நாலு மரம் வச்சிருக்கிறவருக்கும் நோட்டு வேணும். முழு அறிவியல் பேர், விதை எங்கிருந்து வந்தது, எப்போ போட்டது, எப்போ முளைச்சது, எப்போ நட்டது. மார்க்கர் மை வெயில்ல வெளுத்துடும், அலுமினியத் தகட்டுல அழுத்தி எழுதிக் கட்டுங்க, இல்லன்னா பென்சில், அது நிக்கும். பேர் மாறிக்கிட்டே இருக்கும், டிப்சிஸ்னு இருந்த நிறைய மடகாஸ்கர் இனங்கள் இப்போ கிரைசாலிடோகார்பஸ்னு ஆயிடுச்சு, பழைய பேரை அடிக்காம பக்கத்துல புதுசை எழுதுங்க.

மொரீஷியஸ்ல குரெபிப் தாவரவியல் பூங்காவுல ஹயோஃபோர்பே அமரிகாலிஸ் ஒரே ஒரு மரம் நிக்குது, உலகத்துல அந்த இனத்துல மிஞ்சினது அது மட்டும்தான். அதுல ஆண் பூவும் பெண் பூவும் வேற வேற சமயத்துல பூக்குறதால தானா காய் புடிக்கிறது இல்ல, துணைக்கு வேற மரமும் இல்ல. அதனாலதான் ஒரு இனத்துல ஒண்ணோட நிறுத்தாதீங்கன்னு சொல்றேன், இடம் இருந்தா வேற வேற தாய்மரத்து விதையில இருந்து ரெண்டு மூணு வைங்க. பிஸ்மார்க்கியா, லத்தானியா, ஈச்சை இதெல்லாம் ஆண் தனி, பெண் தனி, ஒண்ணு மட்டும் இருந்தா முளைக்கிற விதையே வராது.

காய் விட்டதும் விதையை மத்தவங்களுக்குக் குடுங்க, ஆனா பக்கத்துல அதே பேரினத்துல வேற மரம் இருந்தா அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க. ஈச்சை வகை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சுலபமா கலந்துடும், உங்ககிட்ட வாங்கினவருக்கு அது கலப்பா இருக்கலாம்னு தெரிஞ்சிருக்கணும்.