அனோட் விளைவு: தணிப்பது எப்படி, தடுப்பது எப்படி

கனடாவின் கிடிமாட் அலுமினிய உருக்காலை 1954 முதல் கெமானோ நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தில் ஓடுகிறது. அனோட் பசை தொட்டியிலேயே சுடப்படும் பழைய சோடர்பெர்க் மின்னாற்பகுப்புத் தொட்டிகளின் இடத்தில் 2015-இல் முன்சுட்ட அனோட் (நேர்மின்வாய்) கொண்ட ஏபி40 வகைத் தொட்டிகள் வந்தன. எந்தத் தொட்டியானாலும் அனோட் விளைவைத் தடுக்க முதலில் பார்க்க வேண்டியது, அலுமினியம் எடுக்கப்படும் ஆக்சைடான அலுமினாவின் அளவு.

சீராக ஓடும்போது அலுமினாவைக் கரைக்கும் உருகிய கிரையோலைட் உப்புக் குளியல் சுமார் 960 டிகிரி செல்சியஸ், மின்னழுத்தம் 4 முதல் 4.5 வோல்ட், கரைந்த அலுமினா 2 முதல் 4 சதவீதம். அலுமினா இதற்குக் கீழே போனால் அனோடின் அடியில் வாயுப்படலம் மூடி, மின்னழுத்தம் 20 வோல்ட்டைத் தாண்டலாம்; இதுவே அனோட் விளைவு. அப்போது வெளியேறும் டெட்ராஃபுளோரோமீத்தேன் என்ற பசுமைக்குடில் வாயு பல்லாயிரம் ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். நொடிகூடத் தாமதிக்காதீர்கள்.

உடனே அலுமினாவை வேகமாக ஊட்டுங்கள். அனோடை இறக்கி ஏற்றிப் படலத்தைக் கலையுங்கள். பதற்றத்தில் அளவுக்கு மீறிக் கொட்டினால் கரையாத அலுமினா அடியில் சேறாகப் படிந்து கேதோடின் (எதிர்மின்வாய்) மின்தடையைக் கூட்டும். அந்தச் சேற்றைக் கரைப்பது இன்னும் பெரிய பாடு.

ஒரே தொட்டியில் இந்த விளைவு அடிக்கடி வந்தால் கணினி நிரலைக் குறை சொல்லுமுன் அலுமினா ஊட்டும் கருவியைப் பாருங்கள். குளியலின் மேல் உறைந்த மேலோட்டை உடைக்கும் உளியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது ஊட்டுத்துளை அடைபட்டிருக்கும்.