பெருவிலங்கு வேட்டைக்குத் தயாராவது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மான், கடமான், எல்க் (வட அமெரிக்கப் பெருமான் வகை) போன்ற பெரிய விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட முதன்முறையாகச் செல்லவிருப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். வேட்டைக்காரருக்கு இரண்டு கடமைகள் உண்டு: விலங்கு துன்புறாமல் ஒரே குண்டில் வீழ வேண்டும், வீழ்ந்த விலங்கின் இறைச்சி கெடாமல் முழுவதும் வந்து சேர வேண்டும். எந்தக் கருவியானாலும் இவ்விரண்டில் எதற்கு உதவுகிறது என்று கேட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால், கடையில் பளபளக்கும் பல பொருள்கள் தேவையற்றவை என்பதும், காலணி, பைனாகுலர், பயிற்சி ஆகிய மூன்றுமே செலவிடத் தக்கவை என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

முதற்படி: சட்டத்தைப் படியுங்கள்

வேட்டை எல்லா நாடுகளிலும் அனுமதிக்கப்பட்டதன்று. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு விலங்குகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். அனுமதி உள்ள நாடுகளிலும், எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்தப் பருவத்தில், எந்த எல்லைக்குள், எந்தக் கருவியால் என்பவை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. சில விலங்குகளுக்கான அனுமதி குலுக்கல் முறையில் வழங்கப்படுவதால், விண்ணப்பிக்கும் கெடு வேட்டைக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே கருவி வாங்குவதற்கு முன் அந்தப் பகுதியின் விதிமுறைக் கையேட்டை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். விமானத்தில் செல்வதானால் துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்துச் கைப்பையாக இல்லாமல், பதிவுசெய்யும் பயணச்சுமையாகவே ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்கள் பொதுவாக ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை.

இரண்டாம் படி: தாங்கக்கூடிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்க நிலையில் இருப்பவருக்கு, கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் வகை ரைஃபிளே ஏற்றது. அதன் அமைப்பு எளியது. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வதும் எளிது. தோட்டா வகையில் 6.5 கிரீட்மோர், .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் மான் வகைகளுக்குப் போதும். .30-06 வழக்கத்துக்கு வந்தது 1906 இல். நூறாண்டுக்கு மேலாகியும் அது பயன்பாட்டில் இருக்கிறது என்பதே, புதிதாக வரும் ஒவ்வொரு தோட்டாவையும் துரத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை என்பதற்குச் சான்று.

புதியவர்கள், வெடிமருந்து கூடுதலாக நிரப்பிய மேக்னம் வகைத் தோட்டாக்களைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் உதைப்பு கடுமையானது. இரண்டு மூன்று முறை தோளில் அடி வாங்கியவுடன், விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மை அறியாமலே வந்துவிடும். வந்துவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. தவறான இடத்தில் படும் பெரிய குண்டைவிடச் சரியான இடத்தில் படும் நடுத்தரக் குண்டு விலங்குக்கு எவ்வளவோ இரக்கமானது.

குண்டைப் பொறுத்தவரை, இலக்குப் பயிற்சிக்கான குண்டுகளை வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. உடலுக்குள் சென்றதும் விரிந்து கொடுக்கும் வேட்டைக் குண்டுகளே வேண்டும். ஈயக் குண்டு உடலில் சிதறும்போது நுண்துகள்கள் இறைச்சியில் கலக்கின்றன; காட்டில் விட்டுவரும் குடலை உண்ணும் கழுகுகளையும் அவை நஞ்சாகத் தாக்குகின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயத் தோட்டாக்களால் வேட்டையாடுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. தடை இல்லாத இடத்திலும் செப்புக் குண்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப் 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டினால் போதும். அடர்ந்த காட்டில் விலங்கு அருகில் எழும்போது உருப்பெருக்கம் மிகுந்த ஸ்கோப்பில் உரோமம் மட்டுமே தெரியும். எந்தப் பகுதியைப் பார்க்கிறோம் என்பதே புரியாது.

மூன்றாம் படி: சுடும் பயிற்சி

முதலில் 25 மீட்டரில் சுட்டு, குண்டு அட்டையில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு 100 மீட்டருக்குச் செல்லுங்கள். ஒரே குறியை நோக்கி மூன்று முறை நிதானமாகச் சுட்டு, மூன்று துளைகளின் நடுப்புள்ளி குறியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகை ஒரு சொடுக்கு திருப்பினால் 100 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகரும். நடுப்புள்ளி 7 சென்டிமீட்டர் கீழே இருந்தால், மேல்நோக்கிப் பத்துச் சொடுக்கு. திருப்பியபின் மறுபடி மூன்று முறை சுட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை திருகைத் தொட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாயும்வரை குறி ஓரிடத்தில் நிற்காது. வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே தோட்டாவால்தான் இதைச் செய்ய வேண்டும். தோட்டா மாறினால் குண்டு படும் இடமும் மாறும்.

மேசையில் சாய்த்துச் சுடுவது துப்பாக்கியைச் சரிசெய்வதற்கு மட்டுமே. காட்டில் மேசை இல்லை. குறி சரியானபின் உட்கார்ந்தும், முழந்தாளிட்டும், முதுகுப்பையின் மேல் குழலைச் சாய்த்தும், ஊன்றுகோல் வைத்தும் பழகுங்கள். வீட்டில், தோட்டா ஒன்றும் அறையிலேயே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வெறுந்துப்பாக்கியால் விசையழுத்தப் பழகுவதும் மிகுந்த பலன் தரும். விசை விழும் நொடியில் குறி அசைகிறதா என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

உங்கள் எல்லை எவ்வளவு என்பதை அறிய ஒரு வழி உண்டு. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். அதே அளவுள்ள காகிதத் தட்டு ஒன்றை வைத்து, சற்றே மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்து ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் எந்தத் தொலைவுவரை தட்டுக்குள் விழுகின்றனவோ அதுவே உங்கள் எல்லை. நான்கு விழுந்தால் போதாது. பலருக்கு அது 150 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை, அதைத் தாண்டி நிற்கும் விலங்கை விட்டுவிட்டால் போதும்.

பயிற்சியிடத்தில் காதுக்காப்பும் கண்ணாடியும் கட்டாயம். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே என்று கருதுங்கள். குழலை ஆள் இருக்கும் திசைக்குத் திருப்பாதீர்கள். சுடும் முடிவெடுக்கும்வரை விசையில் விரல் படக் கூடாது. இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது.

நான்காம் படி: பைனாகுலர், காலணி, உடை

வேட்டையில் பெரும்பகுதி நேரம் பார்ப்பதிலேயே கழிகிறது. 8 மடங்கு அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட பைனாகுலர் பொதுப் பயனுக்கு ஏற்றது. துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்துக்கொண்டாவது நல்ல கண்ணாடி வாங்குங்கள், ஏனெனில் விலங்குகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் மலிவான கண்ணாடியில் எல்லாம் சாம்பலாகவே தெரியும். முழு மானைத் தேடாதீர்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களிடையே கிடையாக ஓடும் முதுகுக்கோடு, அசையும் காதுமடல், கறுத்த மூக்கு நுனி ஆகியவையே முதலில் கண்ணில் படும். தொலைவில் அசைவது என்ன என்று பார்க்கத் துப்பாக்கியின் ஸ்கோப்பை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது மனிதராக இருந்தால், நீங்கள் ஒரு மனிதரைக் குறிவைத்திருக்கிறீர்கள்.

காலணியைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, சுமையோடு நடந்து பழக்கிவிட வேண்டும். குதிகாலில் வரும் ஒரு கொப்புளம் முழுப் பயணத்தையும் கெடுத்துவிடும். தோல் சிவக்கத் தொடங்கும்போதே நின்று ஒட்டுப்பட்டை ஒட்டிவிடுங்கள். காலுறை கம்பளியாக இருக்கட்டும். உடலையொட்டி அணியும் உடையிலும் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி வெப்பத்தைக் காக்காது, கம்பளி ஓரளவு காக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலுடை என மூன்றடுக்காக அணிந்தால், ஏறும்போது கழற்றவும் உட்காரும்போது போட்டுக்கொள்ளவும் வசதி. மேலுடையைக் கைகளுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். சரசரவென்று ஒலித்தால் அதை வாங்காதீர்கள்.

ஒளிரும் ஆரஞ்சு உடை அணிந்தால் மான் கண்டுகொள்ளாதா என்று பலர் தயங்குகிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் பார்வை மானுக்கு இல்லை. அதன் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்கோ ஆரஞ்சு தொலைவிலேயே தெரியும். சட்டம் கேட்காவிட்டாலும் அணிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உடலும் முதுகுப்பையும்

மூன்று மாதங்களுக்கு முன்பே பை மாட்டி ஏற்றங்களிலும் படிக்கட்டுகளிலும் நடக்கத் தொடங்குங்கள். 5 கிலோவில் தொடங்கி 20 கிலோவரை மெல்ல உயர்த்துங்கள். பையில் தலைவிளக்கும் மாற்று மின்கலமும், வரைபடமும் திசைகாட்டியும், நெருப்பு மூட்ட இரண்டு வழிகளும், விசிலும், குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டி உள்ள முதலுதவிப் பெட்டியும், தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். கைபேசித் தொடர்பு இல்லாத காட்டுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி எடுத்துச் செல்லுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மரத்தின் மேல் இருந்து வேட்டையாடுவதானால், தரையை விட்டுக் கால் எடுப்பதற்கு முன்பே பாதுகாப்புக் கச்சையைக் கட்டிவிட வேண்டும்.

ஆறாம் படி: காற்றுவாக்கைப் படியுங்கள்

விலங்கின் கண்ணையும் காதையும் சிலவேளை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. மணம் நீக்கும் தெளிப்பான்களை நான் நம்புவதில்லை. காற்று எதிர்முகமாக வீசும்படி நடப்பதே ஒரே வழி. சிறு குப்பியில் மாவுப்பொடி வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு துளி ஊதிவிட்டு, அது எங்கே மிதந்து போகிறது என்று பாருங்கள். மலைச்சரிவில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று சரிவில் மேலேறும். அந்தியில் குளிர்ந்து கீழே வழியும். எனவே வெயில் ஏறியபின் விலங்குக்கு மேற்புறத்திலிருந்தும், மாலையில் கீழ்ப்புறத்திலிருந்தும் நெருங்குவது பயன் தரும். காற்றுத் திரும்பும் இடைநேரத்தில் அசையாமல் இருப்பதே நல்லது.

ஏழாம் படி: சுடும் நொடியும் அதன் பின்னும்

விலங்கு பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருங்கள். முன்னங்காலின் பின்விளிம்பையொட்டி, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைத்தால் குண்டு இதயத்தையோ நுரையீரலையோ தாக்கும். நேர்முகமாகவோ பின்புறம் காட்டியோ நிற்கும் விலங்கையும், ஓடும் விலங்கையும் புதியவர் சுடக் கூடாது.

சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, விலங்கு நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அது கண்ணெதிரே விழாவிட்டால் அரைமணி நேரம் காத்திருந்து, பின்பு அது நின்ற இடத்துக்குச் செல்லுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரலில் பட்டதைக் காட்டும். விலங்கு அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு ஈரலைக் குறிக்கும். பசுமை கலந்து நாற்றமடித்தால் குண்டு குடலில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் விலங்கு வெகுதொலைவு ஓடித் தவிக்கும் என்பதால், பல மணி நேரம் பொறுத்துத்தான் தடத்தைத் தொடர வேண்டும். காயப்பட்ட விலங்கைத் தேடுவதை இடையில் கைவிடுவது பொறுக்கத்தக்கதன்று. விழுந்து கிடக்கும் விலங்கைப் பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்விழியைத் தொடுங்கள். இமைக்காவிட்டால் உயிர் இல்லை.

எட்டாம் படி: இறைச்சியைக் காப்பாற்றுங்கள்

அனுமதிச் சீட்டை விதிப்படி நிரப்பி விலங்கின் உடலில் இணைத்தவுடன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் இறைச்சியின் முதல் எதிரி உடலின் சூடு. 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகுள்ள மடங்காத கத்தி ஒன்றும், தீட்டுகோலும், கையுறையும் போதும். தோலைக் கீறும்போது கத்தியின் கூர்ப்புறம் மேல்நோக்கி இருக்கட்டும். அப்படிச் செய்தால் குடல் கிழியாது, வெட்டுப்பட்ட உரோமமும் இறைச்சியில் ஒட்டாது. குடலை நீக்கி, தோலையும் விரைவில் உரித்து, தொடைகளையும் முன்சப்பைகளையும் பிரித்தெடுங்கள். காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள்; பிளாஸ்டிக் பையில் சூடான இறைச்சியைத் திணித்தால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். வளர்ந்த எல்க் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கியபின்னும் ஏறத்தாழ 100 கிலோ இறைச்சி கிடைக்கும். தனியொருவர் சுமப்பதானால் நான்கைந்து நடை. இரவாகிவிடும் என்று தோன்றினால், கரடி உலவும் பகுதியில் இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, தொலைவிலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் திரும்பும்போது நின்று பார்த்துவிட்டு நெருங்குங்கள். குளிர்ப்பெட்டியில் இறைச்சி 4 டிகிரி செல்சியசுக்கும் கீழே இருக்க வேண்டும். உருகும் பனிக்கட்டி நீரில் அது ஊறாதபடி வடிகாலைத் திறந்து வையுங்கள். பல இடங்களில் வேட்டை விவரத்தைக் குறித்த நாள்களுக்குள் வனத்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வீடு திரும்பியதும் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு துப்பாக்கியின் குழலைத் துடைத்து உலர்த்தி எண்ணெயிட்டுப் பூட்டி வையுங்கள்.