அமெரிக்காவில் குடியேறியவர்களும் பொது மொழியும்: இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை அமெரிக்காவின் அதிகாரப்பூர்வ மொழியாக அறிவிக்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். "இனி ஸ்பானிஷ் பேசினால் குற்றமா?" என்று சிலர் பதறினார்கள். "அப்பாடா, இனிமேலாவது எல்லோரும் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள்" என்று சிலர் மகிழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் அந்த ஆணையைப் படிக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

குடியேறி வந்தவர்கள் அந்த நாட்டோடு எப்படி ஒன்றுகலக்கிறார்கள், அதில் மொழிக்கு என்ன பங்கு என்பது முக்கியமான கேள்வி. அதனால்தான் அதைத் தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேச்சு தடம் மாறினால் அடிபடுவது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், மருத்துவமனை வரிசையில் நிற்கும் வயதானவர்களும்தான்.

அறிவித்தாலே கற்றுவிடுவார்கள் என்று நினைப்பது

முதலில் அந்த ஆணை என்ன செய்தது என்று பார்ப்போம். ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் அரசுச் சேவைகள் போய்ச் சேர வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணையை அது ரத்து செய்தது. அதே சமயம், எந்தத் துறையும் பிற மொழிகளில் தரும் சேவையை நிறுத்தியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவைத் துறைத் தலைவர்களிடம் விட்டது. இன்னொன்று, இது அதிபரின் ஆணைதான், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் இதைத் திரும்பப் பெறலாம். அரசு நிதி பெறும் இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமும், 1975-இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்த்த மொழிப் பிரிவும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பிரிவின்படிதான் பல மாவட்டங்களில் வாக்குச்சீட்டு ஸ்பானிஷிலும் சீனத்திலும் கிடைக்கிறது.

கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 1986-லேயே மக்கள் வாக்கெடுப்பில் ஆங்கிலத்தை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மொழியாக்கிவிட்டார்கள். அப்புறமும் அங்கே ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை வேறு பல மொழிகளில் எழுத முடிகிறது. அதிகாரப்பூர்வ மொழி என்ற அறிவிப்பு, இரவு ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்கு ஆங்கில வகுப்பில் ஓர் இடத்தைக் கூடத் தந்துவிடாது. கட்டணம் இல்லாத வகுப்பு, அது நடக்கும் நேரம், போய்வரப் பேருந்து, அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்: இவைதான் ஒருவர் ஆங்கிலம் கற்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. எல்லோரும் ஆங்கிலம் பேச வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

"அந்தக் காலத்தில் வந்தவர்கள் உடனே கற்றுக்கொண்டார்கள்"

இந்த வாதம் வராத கூட்டமே இல்லை. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

1751-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதினார். இவர்கள் நம்மைப் போல ஆங்கிலேயராக மாறுவதற்குப் பதில் நம்மை ஜெர்மானியர் ஆக்கிவிடுவார்களோ என்பது அவர் பயம். இன்று ஸ்பானிஷ் பேசுகிறவர்களைப் பற்றி எழுதுவதில் பெயரை மட்டும் மாற்றினால் அதே வரிகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்சினாட்டி போன்ற நகரங்களில் அரசுப் பள்ளிகளே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பித்தன. விஸ்கான்சினில் ஹஸ்டிஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய நாலில் ஒருவர் ஜெர்மன் மட்டுமே பேசுபவராகப் பதிவாகியிருக்கிறார். அவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள்.

அந்த ஜெர்மன் எப்படிப் போனது? கொஞ்சம் காலப்போக்கில் தானாகப் போனது, கொஞ்சம் பயத்தில் போனது. முதல் உலகப்போர் நடந்த 1918-இல் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. தேவாலயப் பிரசங்கமும் ஆங்கிலத்தில்தான். தொலைபேசியில் ஜெர்மன் பேசியதற்காகப் பெண்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து மாநிலமான நெப்ராஸ்கா, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி கற்பிக்கக் கூடாது என்று 1919-இல் சட்டமே போட்டது. அங்கே ஒரு சிறு தேவாலயப் பள்ளியின் ஆசிரியர் ராபர்ட் மேயர். மதிய இடைவேளையை அரை மணி நேரம் நீட்டி, அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு பைபிள் கதைகளை ஜெர்மனில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1920 மே மாதம் ஒரு நாள் மாவட்ட அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் வந்து நின்றார். மேயர் நினைத்திருந்தால் அந்தக் கணமே ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவனை ஜெர்மனில் வாசிக்க வைத்தார். அபராதம் 25 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. குடிமக்கள் ஒரே மொழி பேச வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை, அதற்காக அரசியலமைப்பு தரும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நூறு ஆண்டுகள் கழித்தும் இந்த விவாதத்தில் இதைவிடத் தெளிவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. "ஒரே ஒரு ஓட்டில் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனது" என்ற கதையை நம்பாதீர்கள், பரப்பவும் செய்யாதீர்கள். 1790-களில் நடந்தது, சட்டங்களை ஜெர்மனிலும் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்ற மனு மட்டுமே. அது தொடர்பாக அவையை ஒத்திவைக்கலாமா என்ற வாக்கெடுப்பில்தான் அந்த ஒரு ஓட்டு வித்தியாசம்.

கணக்கெடுப்பு எண்ணைத் தப்பாகப் படிப்பது

2019 கணக்கின்படி அமெரிக்காவில் சுமார் 6 கோடியே 78 லட்சம் பேர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள். 1980-இல் இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை எடுத்துக்கொண்டு "இத்தனை கோடிப் பேருக்கு ஆங்கிலமே தெரியாது" என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வித்தாளில் அடுத்த கேள்வியே, "ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்?" என்பது. இந்த 6.78 கோடியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் "மிக நன்றாக" என்று பதில் சொன்னவர்கள். வீட்டில் அம்மாவிடம் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று வாழ்கிற யாருக்கும் இது வியப்பாக இருக்காது.

தலைமுறை வாரியாகப் பார்த்தால் படம் இன்னும் தெளிவு. வந்தவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுகிறார், பிள்ளை இரண்டும் பேசுகிறது, பேரப்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும்தான். ஸ்பானிஷ் மிகுந்த தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே மூன்றாம் தலைமுறையில் ஸ்பானிஷ் தேய்ந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆபத்தில் இருப்பது ஆங்கிலம் அல்ல.

எல்லோரையும் குடியேறியவர்களாக எண்ணுவது

1848-இல் மெக்சிகோவுடனான போர் முடிந்தபோது கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட பெரும்பரப்பு அமெரிக்காவிடம் வந்தது. அங்கிருந்த ஸ்பானிஷ் பேசும் மக்கள் எங்கும் குடியேறவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. ஹவாய் மக்கள் சொந்தத் தீவிலேயே 1896 முதல் பள்ளியில் தம் மொழியை இழந்தார்கள். 1978-இல்தான் அது மீண்டும் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மொழியானது. பழங்குடிப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அப்படி அடக்கப்பட்ட நவாஹோ மொழியைத்தான் இரண்டாம் உலகப்போரில் ரகசியச் செய்தி அனுப்ப அதே அமெரிக்க ராணுவம் பயன்படுத்தியது. "வந்த இடத்து மொழியைக் கற்றுக்கொள்" என்று இவர்களிடம் சொல்ல முடியாது.

தமிழர்களாகிய நாமும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நம் மொழிப் போராட்டம் சொந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் போராட்டம். அதை ஹவாய் மொழியோடு ஒப்பிடலாம். விரும்பி விமானம் ஏறிப் போய் டெக்சாஸில் வீடு வாங்கியவரின் நிலையோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஆங்கிலம் வேண்டும் என்பவரையெல்லாம் இனவெறியர் என்பது

ஆங்கிலத்தை அரசியலமைப்பில் சேர்க்க 1981-இல் தீர்மானம் கொண்டுவந்த செனட்டர் ஹயகாவா, ஜப்பானியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அதே கோரிக்கைக்காக அவர் 1983-இல் ஜான் டான்டன் என்பவரோடு சேர்ந்து தொடங்கிய அமைப்புக்குப் பின்னாளில் ஸ்பானிய வம்சாவளியைச் சேர்ந்த லிண்டா சாவேஸ் தலைவரானார். ஸ்பானிய வம்சாவளிக்காரர்களை இழிவுபடுத்தி டான்டன் எழுதிய குறிப்பு 1988-இல் வெளியே வந்தபோது சாவேஸ் பதவியை விட்டு விலகினார். ஒரே அமைப்புக்குள் இரண்டு விதமான மனிதர்களும் இருந்தார்கள். ஆகவே ஆளை முத்திரை குத்தாமல் கோரிக்கையைப் பாருங்கள். கற்க வழி செய்யச் சொல்கிறாரா, கதவைச் சாத்தச் சொல்கிறாரா?

ஆங்கிலம் தேவையே இல்லை என்று ஆறுதல் சொல்வதும் நல்லதல்ல. ஆங்கிலம் தெரியாதவர் குறைந்த கூலி வேலையில் மாட்டிக்கொள்கிறார், ஏமாற்றப்பட்டாலும் புகார் செய்யத் தயங்குகிறார். குடியுரிமை பெறவும் 1906 முதலே ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய நேர்காணலில் எளிய வாக்கியம் ஒன்றை வாசித்துக் காட்டி, அதிகாரி சொல்ல ஒன்றை எழுதவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. விதிவிலக்கும் உண்டு. 50 வயது கடந்து 20 ஆண்டுகள் பச்சை அட்டையோடு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு) வாழ்ந்தவர்களுக்கும், 55 கடந்து 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியல் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் மேல் பாரத்தை இறக்குவது

"குழந்தைகள் ஒரே வருடத்தில் பிடித்துக்கொள்வார்கள்" என்பது பாதி உண்மை. விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும். அறிவியல் பாடத்தைப் படித்துப் புரிந்து, விடை எழுதும் ஆங்கிலத்துக்கு நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு சொன்னது. அதே கலிஃபோர்னியாவில் 1998-இல் வாக்கெடுப்பில் வென்ற 227-ஆம் முன்மொழிவு, பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் தனி ஆங்கில வகுப்பு வேண்டாம் என்றது. 2016-இல் மக்களே அதைப் பெருமளவு மாற்றிவிட்டார்கள். சரளமாகப் பேசும் பிள்ளை தேர்வில் திணறினால், அது மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

"வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. தனக்கே சரியாக வராத மொழியில் அப்பா எவ்வளவு பேசிவிட முடியும்? "சாப்பிடு, படி, தூங்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கதை போய்விடும், கோபத்தைச் சொல்லும் வழி போய்விடும், பதினைந்து வயதில் பிள்ளை ஒரு சிக்கலோடு வரும்போது ஆலோசனை சொல்லவும் சொல் இருக்காது. வீட்டு மொழியை நன்றாகப் பேசி வளர்வதால் பள்ளியில் ஆங்கிலம் கெடாது.

அதே பிள்ளையை மருத்துவரின் அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அம்மாவின் வயிற்றுக் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதைப் பதினொரு வயதுப் பெண் கேட்டு, அதை அம்மாவிடம் சொல்லவும் வேண்டுமா? பாதி புரியாது, புரிந்த பாதியைப் பயத்தில் மறைத்துவிடும். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், தேவைப்படும் நோயாளிக்குக் கட்டணமின்றித் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். அவசர நிலை தவிர, சிறுவர்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இதற்கு அடிப்படை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் என்பதால் 2025 ஆணை இதை ரத்து செய்துவிடவில்லை. சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே, எந்த மொழியில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நேரில் ஆள் இல்லையென்றால் தொலைபேசி வழியாகவாவது கேட்டு வாங்குங்கள்.