செட்டிநாட்டுத் தெருக்களில் சைக்கிள்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறீர்களா? மிதிக்கத் தெரிந்தால் போதாது, முதலில் நிறுத்தப் பழகுங்கள்.

1. கிளம்பும் முன்
டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழிந்தால் காற்றடிக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி வண்டியைத் தள்ளுங்கள், சக்கரம் உருளக் கூடாது. சீட்டில் உட்கார்ந்தால் முன்பாதம் தரையைத் தொடட்டும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், முந்தானையை இடுப்பில் செருகுங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும்.

2. பிரேக் பழகுதல்
ஆள் நடமாட்டமில்லாத பொட்டல் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைப் பிடிப்பது எந்தக் கைப் பிரேக் என்று பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். நிறுத்தும்போது நம் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்கே பிடிப்பு அதிகம். ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் சறுக்கும். அதனால் இரண்டையும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். பத்து இருபது முறை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

3. செம்மண் சரளை
நம்மூர்ச் சாலையோரம் முழுக்க இதுதான். பள்ளிக்கூடம் போன வயதில் ஒரு திருப்பத்தில் சரளைமேல் பிரேக் பிடித்தேன். வண்டி இடுப்புக்குக் கீழே நழுவிப் போனது. உள்ளங்கையில் ஏறியிருந்த சிவப்புக் கற்களை ஆச்சி வெந்நீர் விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். திருப்பம் வருமுன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது பிரேக்கைத் தொடாதீர்கள்.

4. தெருமுனைகள்
இங்கே பல வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். நெடுக மதில்தான். முனையில் குறுக்கே வருகிற வண்டி கடைசி நொடிவரை கண்ணில் படாது. அப்புறம் பெல் அடித்துப் பயனில்லை, முன்கூட்டியே அடித்து, இடப்பக்கம் ஒட்டி, நடை வேகத்தில் கடந்து போங்கள்.

5. பெரிய சாலை
இடப்பக்கமாகவே போங்கள், ஆனால் தாரின் விளிம்பில் போகாதீர்கள். விளிம்பிலிருந்து சரளையில் இறங்கிய சக்கரம் திரும்ப ஏற மறுக்கும். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் பதறி ஒதுங்காமல் நேராகப் போங்கள். திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்டுங்கள்.

6. இருட்டினால்
முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டும் கட்டாயம். செம்புழுதி படிந்த ரிஃப்ளெக்டர் ஒளிராது, கிளம்பும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.